சிறைக்குள் நாய்ப் பயிற்சி: காப்பக நாய்களுக்கும் சிறைவாசிகளுக்கும் என்ன பயன்?

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் உள்ள பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு ஏற்பட்ட நிலச்சரிவில் 70 பேர் பலியாகினர். இவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மாயமான குழந்தை ஒன்றின் உடல் இருந்த இடத்தைக் காட்டியது, அக்குடும்பம் வளர்த்த 'குவி' என்ற நாய். உணவருந்தாமல் சோர்ந்திருந்த குவியை மாவட்டக் காவல் துறையின் மோப்ப நாய்ப் பிரிவினர் ஏற்றுப் பராமரித்தனர்; சில மாதங்களுக்குப் பின் குழந்தையின் பாட்டியிடம் ஒப்படைத்தனர்.

ஆதரவற்ற நாய்க்கு உணவும் தடுப்பூசியும் மட்டும் போதாது. பழகுவதற்கு ஒரு மனிதரும் வேண்டும். நெரிசலான காப்பகங்களில் அதற்கு ஆளில்லை. சிறையிலோ நேரத்துக்குக் குறைவில்லை. சிறை நாய்ப் பயிற்சித் திட்டங்கள் இந்த எளிய கணக்கில் பிறந்தவை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில மகளிர் சிறையில் அருட்சகோதரி பாலின் குவின் முயற்சியால் 1981-இல் இத்தகைய திட்டம் தொடங்கியது. காப்பக நாய்களின் இயல்பு முதலில் பரிசோதிக்கப்படும். பின்னர் ஒவ்வொரு நாயும் ஒரு சிறைவாசியின் பொறுப்பில் விடப்படும். அழைத்தால் வருதல், வாரைப் பிடித்து நடத்தினால் இழுக்காமல் நடத்தல் போன்றவை தின்பண்டமும் பாராட்டும் கொடுத்தே கற்பிக்கப்படுகின்றன. திறமையான நாய்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவச் செல்கின்றன. மற்றவை வீடுகளுக்குத் தத்து கொடுக்கப்படுகின்றன. ஸ்காட்லாந்தின் போல்மன்ட் சிறையில் இளம் சிறைவாசிகள் 2011 முதல் காப்பக நாய்களுக்குப் பயிற்சி அளித்தனர்.

சிறைவாசிக்கும் இது ஒரு பாடமே. அதட்டினால் நாய் ஒடுங்கிவிடும். பொறுமை இழந்தால் பயிற்சி அங்கேயே நின்றுவிடும். நாய் பராமரிப்புத் தொழிலைக் கற்பவர்களுக்கு விடுதலைக்குப் பின் வேலைவாய்ப்பும் உண்டு. எனினும், பயன்களை ஆராய்ந்த ஆய்வுகள் பல சிறிய அளவிலானவை. நன்னடத்தை உள்ளவர்களே பெரும்பாலும் தேர்வு செய்யப்படுவதால், மாற்றம் முழுவதையும் நாயின் கணக்கில் எழுதிவிட முடியாது.

பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள் போன்ற இடங்களில் உள்ள தெருநாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து காப்பகங்களுக்கு மாற்ற வேண்டும். பிடித்த இடத்தில் மீண்டும் விடக் கூடாது என உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று உத்தரவிட்டது. இதனால் இந்தியாவிலும் காப்பகங்களின் சுமை கூடும்.

தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்தில் மலம்புழாவிலும், இடுக்கியில் முட்டத்திலும் மாவட்டச் சிறைகள் உள்ளன. ஆனால் மாவட்டச் சிறைகளில் விசாரணைக் கைதிகள் அதிகம். எந்நாளும் ஜாமீனில் செல்லக்கூடியவரிடம் பல மாதப் பயிற்சியை ஒப்படைப்பது கடினம். தண்டனைக் கைதிகள் விவசாயம் செய்யும் நெட்டுகால்தேரி, சீமேனி திறந்தவெளிச் சிறைகள் இதற்கு அதிகம் பொருந்தும். சப்பாத்தி, பிரியாணி தயாரித்து விற்கும் விய்யூர் மத்தியச் சிறையைப் போல, கைதிகளுக்குத் தொழில் பழக்கிய அனுபவமும் கேரளச் சிறைத் துறைக்கு உண்டு.

எங்கு தொடங்கினாலும், நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதுடன், அவற்றைக் கையாளும் சிறைவாசிகளுக்கும் காவலர்களுக்கும் ரேபிஸ் தடுப்பூசியை முன்கூட்டியே செலுத்த வேண்டியிருக்கும்.