மதுரை காமராசர் பல்கலைக்கழகம்

மதுரைக்கு மேற்கே, தேனி சாலையில் உள்ள பல்கலை நகரில் இயங்கும் அரசுப் பல்கலைக்கழகம். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 1978இல் காமராசர் பெயரைப் பெற்றது. முதல் துணைவேந்தர் தெ. பொ. மீனாட்சிசுந்தரம், அடுத்து வந்தவர் மு. வரதராசன். இவ்வட்டாரத்தில் உயர்கல்வி அதற்கு வெகுகாலம் முன்பே வேரூன்றிவிட்டது. அமெரிக்கன் கல்லூரி 1881இல் பசுமலையில் பிறந்தது. தியாகராசர் பொறியியல் கல்லூரி 1957இல் திருப்பரங்குன்றத்தில் எழுந்தது. ஆனால் பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கையில் இருந்தன. ஆகவே 1966இல் மதுரைக்குப் புதிதாகக் கிடைத்தது, இருக்கும் கல்லூரிகளை நெறிப்படுத்தும் அதிகாரம். அதனுடன் ஆய்வுப் பணியும் சேர்ந்தே வந்தது. வளாகத் துறைகள் தமிழியல், உயிரியல், உயிரித்தொழில்நுட்பம் எனப் புலங்களாகத் தொகுக்கப்பட்டு, முதுகலையிலும் முனைவர் பட்ட ஆய்விலும் கவனம் செலுத்தின. இளங்கலை மாணவர்களோ பெரும்பாலும் இணைப்புக் கல்லூரிகளில் படித்தனர். இணைப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், 1971இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி ஆகியவை பல்கலைக்கழகத்தின் சொந்த வருவாயாக அமைந்தன. ஆய்வுக்குப் பெயர் பெற்ற நிறுவனம், ஆய்வுக்கு வெளியே ஈட்டிய பணத்தை நம்பி வளர்ந்தது என்பதே இதன் வரலாற்றைப் புரிந்துகொள்ளும் திறவுகோல்.

எல்லையைப் பிரித்ததுதான் இப்பல்கலைக்கழகத்தைத் தளர்த்தியது என்று சொல்வாருண்டு. 1985இல் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகமும், 1990இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் அமைந்தன. இராமநாதபுரம், நெல்லை, குமரிக் கல்லூரிகள் விலகின. வருவாய் குறைந்தது உண்மை. ஆனால் சென்னையிடமிருந்து மதுரை பிரிந்ததற்கான நியாயம் நெல்லைக்கும் அப்படியே பொருந்தும். அதைக் குறை சொல்வதற்கில்லை. கேள்விக்குரியது பாடவாரியாகப் பிரித்த முறைதான். மருத்துவமும் சட்டமும் ஆசிரியர் கல்வியும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றன. 2001இல் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின்கீழ் வந்தபின், திருப்பரங்குன்றத்தில் படிக்கும் பொறியியல் மாணவரின் பட்டம் மீண்டும் சென்னையிலிருந்தே வருகிறது. தரம் சீராக ஒரே குடை வேண்டும் என்ற வாதத்துக்கு வலு உண்டு. எனினும் 1978இலேயே அமெரிக்கன் கல்லூரி தன்னாட்சி பெற்றுத் தன் வினாத்தாளைத் தானே வகுத்தது. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வந்தது. கல்லூரிக்குச் சுதந்திரம் தந்தும் தரம் காக்க முடியும் என்பதற்கு அது அருகிலேயே கிடைத்த சான்று.

அஞ்சல்வழிக் கல்வி என்ற தொலைநிலைக் கல்விக்கு மாநில எல்லைக் கட்டுப்பாடு வந்ததும் மற்றொரு வருவாய் வழியும் சுருங்கியது. 2020களில் ஊதியமும் ஓய்வூதியமும் உரிய நாளில் வழங்க இயலாத நிலை ஏற்பட்டது. நிர்வாகக் குறைகளும் காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் கட்டணத்தை நம்பி ஆய்வகங்களை நடத்தும் முறை இனி நிலைக்காது. புலங்களின் செலவை அரசு நேரடியாகவும் நிலையாகவும் ஏற்க வேண்டும்.