உறங்கும் சிசுவும் கடிகாரமும்: தாய்ப்பாலூட்டும் கால ஒழுங்கின் வரலாறு (1748–2018)

ஆய்வுச் சுருக்கம்

பச்சிளங்குழந்தைக்குப் பாலூட்டும் நேரத்தைக் கடிகாரம் முடிவு செய்வதா, குழந்தை முடிவு செய்வதா என்னும் விவாதம் மேலை மருத்துவத்தில் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நிகழ்ந்துள்ளது. பிறந்த முதல் நாள்களில் மிகுதியாக உறங்கும் குழந்தை இவ்விரு விதிகளுக்கும் அடங்குவதில்லை. அக்குழந்தையை மையமாகக் கொண்டு, பாலூட்டும் ஒழுங்கு குறித்த கருத்துகள் மாறிய முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தாய்ப்பால், பச்சிளங்குழந்தை, உறக்கம், கால அட்டவணை, பெரியாழ்வார் திருமொழி.

முன்னுரை

பிறந்தவுடன் ஓரிரு மணி நேரம் விழிப்புடன் இருக்கும் குழந்தை, அதன்பின் நீண்ட உறக்கத்தில் ஆழ்வது இயல்பு. எனினும் முதல் வாரங்களில் அதற்கு ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் தேவைப்படுகிறது. மார்பிலிருந்து பால் வெளியேறுவதைப் பொறுத்தே சுரப்பு நிலைபெறுகிறது. உறக்கத்தால் ஊட்டல் குறைந்தால் குழந்தையின் எடை குறையும். மஞ்சள் காமாலை மிகும். காமாலை உறக்கத்தை மேலும் கூட்டும். தாயின் சுரப்பும் தளரும். ஆகவே பாலூட்டும் நேரம் பற்றிய விதி குழந்தையின் உயிர்நலம் சார்ந்தது.

கடிகார ஒழுங்கின் தோற்றம்

1748-இல் வில்லியம் கடோகன் என்னும் ஆங்கிலேய மருத்துவர், இலண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென அமைந்த காப்பகத்தின் நிர்வாகிகளுக்குக் கடித வடிவில் ஒரு நூல் எழுதினார். செவிலியர் குழந்தைகளுக்கு அளவின்றி உணவு திணிப்பதை அதில் அவர் கண்டித்தார். பெற்ற தாயே பாலூட்ட வேண்டும் என வலியுறுத்தினார். அதே வேளையில் நாளைக்கு நான்கு முறை ஊட்டினால் போதும், இரவில் ஊட்டலாகாது எனவும் வரையறுத்தார். அதிக உணவின் தீங்கைத் தடுக்க எழுந்த விதி, குறைந்த உணவின் தீங்கைக் கருதவில்லை.

1907-இல் நியூசிலாந்தின் டனீடன் நகரில் ட்ரூபி கிங் தொடங்கிய தாய்-சேய் நல இயக்கம் நான்கு மணிக்கொருமுறை ஊட்டும் அட்டவணையைப் பரப்பியது. கிங்கும் தாய்ப்பாலின் ஆதரவாளரே. ஆனால் தாய்ப்பால், பசும்பாலை விட விரைவாகச் செரிப்பது. செயற்கைப் பாலூட்டலுக்குப் பொருந்தக்கூடிய இடைவெளியைத் தாய்ப்பாலுக்கும் விதித்ததில் முரண்பாடு இருந்தது. அந்நாட்டில் குழந்தை இறப்பு குறைந்தது இவ்வியக்கத்தின் வெற்றியாகப் போற்றப்பட்டது; எனினும் அக்குறைவு 1907-க்கு முன்பே தொடங்கிவிட்டது.

மருத்துவமனையும் உறக்கமும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் மகப்பேறு வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு இடம்பெயர்ந்தது. குழந்தைகள் தனிக்கூடத்தில் வைக்கப்பட்டுக் குறித்த நேரத்தில் மட்டும் தாயிடம் கொண்டுவரப்பட்டனர். பேற்றின்போது தாய்க்கு அளிக்கப்பட்ட மயக்க மருந்துகள் குழந்தையையும் பாதித்தன. அவை குழந்தை பால்குடிக்கத் தொடங்குவதைத் தாமதப்படுத்துவதை டி. பெரி பிரேசல்டன் 1961-இல் எடுத்துரைத்தார். உறக்கத்திற்குக் குழந்தையின் இயல்பு மட்டுமன்றி, மருத்துவ நடைமுறையும் காரணமாயிற்று. குறித்த நேரத்தில் உறங்கும் குழந்தை பால் குடிக்காமலே திரும்பிச் செல்லும். அது விழித்தழும் வேளையில் தாய் அருகில் இருப்பதில்லை. அந்த இடைவெளியில் புட்டிப்பால் நுழைந்தது.

அட்டவணையிலிருந்து குறிப்பிற்கு

1942-இல் சிம்சேரியன், மக்லெண்டன் இருவரும், குழந்தை வேண்டும்போதெல்லாம் பாலூட்டி, முதல் பன்னிரண்டு வாரங்களின் பதிவை வெளியிட்டனர். 1946-இல் நியூ ஹேவன் மருத்துவமனையில் ஈடித் ஜாக்சன் தாயையும் சேயையும் ஒரே அறையில் தங்கவைக்கும் முறையைத் தொடங்கினார். 1989-இல் உலக நல நிறுவனமும் யூனிசெஃப்பும் வெளியிட்ட பத்துப் படிநிலைகளில், ஓரறையில் தங்குதலும் குழந்தை கேட்கும்போது ஊட்டுதலும் இடம்பெற்றன.

ஆனால் உறங்கும் குழந்தை கேட்பதில்லை. 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் எட்டாம் படிநிலை, குழந்தையின் குறிப்புகளைத் தாய் உணர்ந்து செயல்படத் துணைநிற்றல் என மாற்றப்பட்டது. சொல்லளவில் சிறிதாயினும் இம்மாற்றம் முதன்மையானது. இமைக்குள் விழி அசைதல், வாய் சப்புதல், கையை வாய்க்குக் கொண்டுசெல்லுதல் ஆகியன மெல்லுறக்கத்திலேயே தோன்றும் குறிப்புகள். அழுகை காலம் தாழ்ந்த குறிப்பு. மெல்லுறக்கத்தில் குழந்தையின் ஆடையைத் தளர்த்தித் தாயின் மார்போடு அணைத்து எழுப்புவது எளிது. குழந்தை பிறந்த எடையை மீண்டும் எட்டி, நன்கு வளரத் தொடங்கியபின் இவ்வாறு எழுப்பும் தேவை பெரும்பாலும் நீங்குகிறது.

துயிலெழுப்பும் தாய்: ஒரு தமிழ்ச் சான்று

பாலூட்டுவதற்காகக் குழந்தையை எழுப்பும் காட்சி தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. பெரியாழ்வார் திருமொழியின் இரண்டாம் பத்தில், இரவும் உண்ணாது நண்பகல் வரை உறங்கும் கண்ணனை அசோதை பால் குடிக்க அழைக்கிறாள். குழந்தையின் வயிற்றையும் தன் மார்பில் பால் நிறைந்து வழிவதையும் அவள் காரணங்களாகக் கூறுகிறாள். கண்ணன் அங்குப் பச்சிளங்குழந்தை அல்லன். பக்திப் பாசுரம் மருத்துவச் சான்றும் ஆகாது. எனினும் அட்டவணைகள் காணத் தவறிய ஒன்றை அது பதிவு செய்கிறது: பாலூட்டும் நேரத்தைத் தாயுடலும் அறிவிக்கிறது.

முடிவுரை

கடிகார விதி, உறங்கும் குழந்தையின் தேவையைத் தவறவிட்டது. கேட்கும்போது ஊட்டும் விதி, கேட்க இயலாத குழந்தையைத் தவறவிட்டது. இரண்டும் தாயின் உற்றுநோக்கலுக்கு உரிய இடம் தரவில்லை. கடோகன் முதல் 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் வரையிலான வரலாறு, அந்த உற்றுநோக்கலை மருத்துவம் மெல்ல ஏற்றுக்கொண்ட வரலாறாகவே அமைகிறது. பாலூட்டும் ஒழுங்கு வெளியிலிருந்து விதிக்கப்படுவதன்று. தாயும் சேயும் ஒருவரையொருவர் அறிவதால் சில வாரங்களில் உருவாவது என்பது இவ்வாய்வின் முடிவு.