முதுகெலும்பிலிகளின் ஒளியேற்பி செல்களில் கால்சியம்

ஒளி பட்டதும் குதிரைலாட நண்டின் கண் செல்லுக்குள் கால்சியம் கூடுகிறது. மனிதக் கண்ணின் ஒளியேற்பிகளில் அது குறைகிறது. இந்த நேரெதிர்ப் போக்கு தெளிவானதில் வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வாழும் இந்த விலங்குக்குப் பெரும்பங்கு உண்டு. பெயர்தான் நண்டு, உறவென்னவோ சிலந்தியோடும் தேளோடும்தான்.

இதன் கூட்டுக்கண்ணை ஆராய்ந்த ஹார்ட்லைன் 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கால்சியம் ஆய்வுக்குக் கைகொடுத்தவையோ வயிற்றுப்புற ஒளியேற்பிகள். மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு அளவுக்குப் பெரிய செல்கள் என்பதால், கண்ணாடி நுண்குழாயால் குத்தினாலும் தாக்குப்பிடிக்கும். 1972இல் ஜான் லிஸ்மனும் ஜோயல் பிரவுனும் அவற்றுக்குள் கால்சியம் அயனிகளைச் செலுத்தினர். ஒளிக்குச் செல் தரும் மின்துலங்கல் சுருங்கியது. கால்சியத்தைப் பிடித்துவைக்கும் வேதிப்பொருளைச் செலுத்தியபோது, வெளிச்சத்துக்குப் பழகி மந்தமாகும் குணம் குறைந்தது. ஆக, கால்சியம் ஒரு தடை.

ஆனால் ஒளியால் அது உண்மையிலேயே கூடுகிறதா? அதைக் காட்ட ஜெல்லிமீன் வேண்டியிருந்தது. ஆய்வாளர் ஒசாமு ஷிமோமுரா ஒருநாள் ஜெல்லிமீன் சாற்றைத் தொட்டியில் கொட்ட, அங்கிருந்த கடல்நீர் பட்டு அது நீலமாகப் பளிச்சிட்டது. காரணம் கடல்நீரின் கால்சியம். அப்படிக் கிடைத்த ஈக்வோரின் என்ற புரதத்தை பிரவுனும் பிளிங்க்ஸும் குதிரைலாட நண்டு, கொட்டலசு ஆகியவற்றின் ஒளியேற்பிகளுக்குள் செலுத்தி, ஒளியூட்டினால் கால்சியம் ஏறுவதை 1974இல் பதிவுசெய்தனர். ஒளியை உணரும் செல்லுக்குள் ஒளிவிடும் பொருளையே அளவுகோலாக வைக்கத் துணிச்சல் வேண்டும்.

குதிரைலாட நண்டில் இந்தக் கால்சியம் பெரும்பாலும் செல்லின் உள்சேமிப்பிலிருந்தே வருகிறது. சேமிப்பைத் திறப்பது இனோசிட்டால் டிரைபாஸ்பேட் என்ற மூலக்கூறு என்பதை 1984இல் வெளியான ஆய்வுகள் சுட்டின: இருட்டிலேயே அதைச் செலுத்தினாலும் செல் ஒளி கண்டதுபோலத் தூண்டப்பட்டது. தடை என்று பெயரெடுத்த கால்சியம் தூண்டலிலும் பங்காளி என்று தெரியவந்தது.

பழ ஈயின் கதை வேறு. நீடித்த வெளிச்சத்தில் துலங்கலைத் தக்கவைக்க முடியாத ஒரு திரிபு ஈ 1969இல் விவரிக்கப்பட்டது. அதில் பழுதான டிஆர்பி மரபணுவை மான்டெல், ரூபின் இருவரும் 1989இல் அடையாளம் கண்டனர். அது கால்சியத்தை வெளியிலிருந்து உள்ளே விடும் வாயிலுக்குரியது என்பதற்கு ரோஜர் ஹார்டியும் பாருக் மின்கேயும் 1992இல் சான்று தந்தனர். அதே குடும்பத்து வாயில்கள் பின்னர் மனித உடலிலும் கிடைத்தன. மிளகாயின் காரத்தை உணர்வது அவற்றில் ஒன்று.

உள்ளே வந்ததை வெளியேற்றியும் ஆகவேண்டும். சோடியத்தை உள்ளே வாங்கிக் கால்சியத்தை வெளியே தள்ளும் கால்எக்ஸ் புரதம் இல்லாத ஈக்களில், ஒளி பட்டே கண் செல்கள் சிதைகின்றன.

ஈயின் வாயிலைத் திறப்பது எது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. ஒளி பட்டதும் செல்லின் விரல் போன்ற நுண்நீட்சிகள் சுருங்குவதை 2012இல் ஹார்டியும் ஃபிரான்ஸேவும் அளந்து, அந்த இழுவிசைக்கும் பங்கிருக்கலாம் என்றனர். சவ்வின் கொழுப்பு சிதையும்போது உண்டாகும் பொருள்களே திறக்கின்றன என்பது மற்றொரு தரப்பு.