பெரிய வீடும் தோட்டமும்

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு பழையகோட்டைக்குப் போயிருந்தேன். திருப்பூரிலிருந்து காங்கயம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். அதைத் தாண்டி நத்தக்காடையூர்ப் பக்கம் போக வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் வழக்கம்போல விறுவிறுவென்று நடந்தேன். பனியன் கம்பெனி நடை அது. ஷிப்டுக்கு மணி அடிப்பதற்குள் கேட்டுக்குள்ளே போயாக வேண்டும் என்கிற நடை. பெரியப்பா பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, இத்தன வெரசலா எங்க ஓடுற? மொள்ள போலாம். பெரிய ஊட்டு வழியில மொள்ள நடந்து பாக்கோணும்னு எனக்கு நெம்ப நாளா ஆசை."

பண்ணைகளில் ஆளாக இருந்தவர்களுக்குத்தான் இந்த ஆசையின் அர்த்தம் தெரியும். பெரிய வீட்டு வழியில் எங்கள் ஆட்கள் நடந்ததில்லை, கடந்திருக்கிறார்கள். துண்டு கக்கத்தில், செருப்பு கையில், கண் தரையில். நின்றால் "என்னடா நிக்கிற?" மெதுவாகப் போனால் "ஏண்டா, சோலி இல்லையா?" ஒரு வீட்டை நிதானமாக நின்று பார்ப்பதற்கே உரிமை வேண்டியிருந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழையகோட்டை வீட்டில் எங்கள் குடும்பத்துக்கு நடந்தது என்று நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. என் தாத்தா ஆளாக இருந்து பறி தைத்தது வேறொரு தோட்டத்தில். அந்தத் தோட்டத்துக்காரர் பேர் இங்கே வேண்டாம். அவர் வீட்டை யாரும் அரண்மனை என்று சொல்வதில்லை. அதைப் பார்க்கப் பஸ் ஏறி யாரும் வருவதுமில்லை. பழையகோட்டைக்கு அந்தப் பேர் இருக்கிறது. அதனால்தான் அங்கே போனேன்.

கொங்கு நாட்டில் பட்டக்காரர் என்பது வேளாளக் கவுண்டர்களில் சில குடும்பங்களுக்கு மட்டும் வழிவழியாக வருகிற பட்டம். பழையகோட்டைக்காரர்களுக்குச் 'சர்க்கரை மன்றாடியார்' என்று பேர். இவர்களைப் பற்றிச் சுற்றுவட்டாரத்தில் கதைகள் நிறைய. ஆனால் எங்கள் தலைமுறைக்குப் பெரிய வீடு என்றால் சினிமாதான். சின்னக் கவுண்டர், 1992-இல் தேவர் மகன், 1993-இல் எஜமான், 1994-இல் நாட்டாமை. வரிசையாக வந்த படங்களில் தூணும் திண்ணையும் ஊஞ்சலும் உள்ள வீடுகளுக்குள் இரண்டரை மணி நேரம் டிக்கெட் எடுத்துப் போய்வந்தோம். கைதட்டினோம், விசிலும் அடித்தோம். அந்த வீட்டுக்குத் தண்ணி எங்கிருந்து வந்தது என்று கேட்க எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

வீட்டுக்குள்ளே போகவில்லை. அனுமதியும் கேட்கவில்லை. அது அந்தக் குடும்பத்தின் சொந்த வீடு. கேட்டால் என்ன சொல்லியிருப்பார்களோ, ஒருவேளை காப்பி கொடுத்தே உட்கார வைத்திருப்பார்களோ என்னவோ. எனக்குக் கேட்க வரவில்லை. வெளியில் நின்று ஆற அமரப் பார்த்தோம். பெரியப்பா சுவரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். நின்றார், மறுபடி பார்த்தார். கொஞ்ச தூரம் தள்ளி வந்த பிறகுதான் கவனித்தேன், அவருடைய ரப்பர் செருப்பு கையில் இருந்தது. யாரும் சொல்லவில்லை. யாரும் பார்க்கவுமில்லை. "ஏம் பெரியப்பா?" என்றேன். கையைப் பார்த்துவிட்டு அவரே சிரித்தார். "அட, எப்பக் கழட்டுனேன்னே தெரியலையே!" என்று கீழே போட்டு மாட்டிக்கொண்டார்.

செருப்பைத் தைத்தவன் நாங்கள். அதைப் போட்டு நடக்கக்கூடாது என்றால் நாங்கள்தான் நடக்கக்கூடாது.

வெளியூர் ஆட்களுக்கு ஒரு விஷயம் விளங்கச் சொல்ல வேண்டும். அரண்மனைத் தோட்டம் என்றால் ரோஜாவும் புல்தரையும் நீரூற்றும் நினைவுக்கு வரும். கொங்கில் தோட்டம் என்றால் அது இல்லை. கிணற்றுத் தண்ணியில் பாடுபடுகிற பூமிதான் தோட்டம். மழையை நம்பியது காடு. ஆற்று வாய்க்கால் பாய்ந்தால் வயல். காங்கயம் பக்கம் வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் பக்கம்தான் மழை. மேற்கு மலை மறைத்துவிட்ட பூமி. இங்கே ஒருவனுடைய செல்வம் எவ்வளவு காடு என்பதில் இல்லை, எத்தனை கிணறு என்பதில் இருந்தது. 1799-இல் திப்பு விழுந்தபின் கோயமுத்தூர் சீமை கம்பெனிக்காரன் கைக்கு வந்தது. மறு வருசமே பிரான்சிஸ் புக்கானன் ஈரோடு, காங்கயம், தாராபுரம் என்று இந்த வழியாகப் போனான். 1807-இல் அச்சான அவன் புத்தகத்தில் கபிலை இறைப்பு வருகிறது. வெள்ளைக்காரன் வரிக்கணக்கில் நன்செய், புன்செய் தவிரத் தோட்டம் என்று தனி இனமே இருந்தது. 1887-இல் நிக்கல்சன் எழுதிய கோயமுத்தூர் ஜில்லா மானுவலில் கிணற்று விவசாயத்துக்கு நல்ல இடம் உண்டு. அந்த மாதிரிப் புத்தகங்களில் கிணறு ஒரு அத்தியாயத்தில் இருக்கும், தோல் வேலைக்காரன் சாதிகளைப் பற்றிய வேறொரு அத்தியாயத்தில் இருப்பான். இரண்டையும் சேர்த்துத் தைக்க வேண்டியது நம் வேலை.

கவலை ஓட்டியதை இன்றைய பிள்ளைகள் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. பெரியப்பா சொல்லித்தான் தெரியும். கிணற்று மேட்டிலிருந்து சரிவாக வெட்டிய பாதைக்கு வாரி என்று பேர். மேலே ஒரு உருளை, கீழே வாய்மட்டத்தில் ஒரு உருளை. மேல் உருளை வழியாகப் பருத்த வடக்கயிறு, கீழ் உருளை வழியாக மெல்லிய கயிறு. பறி என்கிற சாலின் அடியில் தோலால் தைத்த நீளமான தும்பி, யானைத் தும்பிக்கை மாதிரி. எருதுகள் வாரியில் இறங்கும்போது பறி மேலே வரும். தும்பி மடங்கியே வரும், தண்ணி சிந்தாது. மேலே வந்ததும் மெல்லிய கயிறு தும்பியை முன்னால் இழுத்து நீட்டும், தண்ணி தொட்டிக்குள் கொட்டும். பிறகு எருதுகள் பின்னாலேயே நடந்து வாரியில் ஏற வேண்டும், பறி கிணற்றுக்குள் இறங்கும். விடியும் முன்னே ஆரம்பித்து வெயில் ஏறும்வரை இதேதான். ஓட்டுகிறவன் இறக்கத்தில் வடக்கயிற்றின் மேலே உட்கார்ந்துகொள்வான், அவன் பாரமும் சேர்ந்து இழுக்க வேண்டும் என்பதற்காக.

இந்த ஏற்பாட்டில் மரம் ஆசாரி வேலை, இரும்பு கொல்லன் வேலை. தோல் எங்களுடையது. பண்ணையில் மாடு செத்தால் தூக்கிப்போக வேண்டியது மாதாரி. உரிக்க வேண்டியதும் அவன்தான். சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைத் தண்ணியில் போட்டுப் பதப்படுத்துவான். பறிக்கு, தும்பிக்கு, பண்ணாடியின் செருப்புக்கு, எருதின் கழுத்து வாருக்கு என்று தோலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு உபயோகம். சாலை இரும்பிலே செய்ய ஆரம்பித்த பிறகும் தும்பி தோல்தான். இரும்பு மடங்காதே! தும்பி கிழிந்தால் அன்றைக்குத் தோட்டத்துக்குத் தண்ணி இல்லை. இருட்டோடு வளவுக்கு ஆள் வரும். கூலி அறுவடைக்கு அறுவடை களத்தில் அளந்துபோடுகிற தானியம், அப்புறம் செத்த மாட்டின் கறி. கறி தின்றதற்காகத்தான் தீட்டு என்றார்கள். மாட்டை அப்புறப்படுத்தாவிட்டால் அதற்கும் அடி.

உயிரோடு இருந்த எருது செத்த எருதின் தோலை இழுத்துத் தண்ணி இறைத்தது. அந்தத் தோலைத் தைத்தவன் என் தாத்தா. எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு, வெளியில் தமிழ். இரண்டு பாஷையிலும் அவருக்குத் தண்ணி கேட்டுத்தான் பழக்கம். அவர் கைபட்ட தும்பி வழியாக வந்த தண்ணிதான் கம்புக்கும் புகையிலைக்கும் பருத்திக்கும் பாய்ந்தது. தொட்டியில் மாடு குடித்தது. பண்ணாடி வீட்டு ஆட்கள் குளித்தார்கள். தீட்டு எங்கேயும் ஒட்டவில்லை. அதே கிணற்றில் அவர் படி இறங்கி ஒரு குடம் மொண்டால் கிணறே தீட்டு. வாய்க்கால் கடைமடையில் குனிந்து கையேந்திக் குடிக்கலாம், அல்லது யாராவது மேலிருந்து ஊற்றினால் குடிக்கலாம். தோலின் வழியாக ஏறாத தீட்டு எங்கள் குடத்தின் வழியாக மட்டும் எப்படி ஏறியது என்று எந்தச் சாஸ்திரக்காரனும் சொன்னதில்லை.

சந்தைக்குப் போனோம். பழையகோட்டையில் ஞாயிறுதோறும் காங்கயம் மாடுகளுக்கென்றே சந்தை கூடுகிறது. அழகான மாடுதான், இல்லை என்று சொல்ல முடியாது. கன்று செவலையாகப் பிறக்கும், ஆறு மாசத்தில் நிறம் மாறும். காளைக்கு வயசு ஏற ஏறத் திமிலும் கழுத்தும் முகமும் கறுத்து வரும். காயடித்தால் அந்தக் கறுப்பு வெளுக்கும். இந்த இனத்தைச் செம்மைப்படுத்தியவர் என்று பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரைக் கால்நடை நூல்கள் சொல்கின்றன. அவருடைய உழைப்பையும் பொலிகாளையைத் தேர்ந்தெடுக்கிற கண்ணையும் நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் கூடியபிறகு நாட்டுமாடு என்பது சட்டையில் அச்சடிக்கிற விஷயமாகிவிட்டது. அந்தச் சட்டைகளில் சிலதை நாங்களே திருப்பூரில் தைத்தோம்.

ஆனால் மாட்டினம் ஒருவர் தலைக்குள்ளிருந்து மட்டும் உருவாவதில்லை. கொறங்காட்டைப் பாருங்கள். சுற்றிலும் கிளுவை முள் வேலி, நடுவே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். ஒரு மேய்ச்சல் காட்டை இத்தனை நேர்த்தியாக வைத்திருப்பதைப் பார்த்தால் மதிப்பு வரத்தான் செய்கிறது. எனக்குக் கேட்டால் இந்த வட்டாரத்தின் நல்ல பூந்தோட்டம் இதுதான். இந்த மாதிரிக் காடுகளில் எட்டு வயசில் வருசக் கூலிக்கு விடப்பட்ட எங்கள் பையன்கள் மாடும் ஆடும் மேய்த்தார்கள். எந்தக் கன்று எந்தத் தாய்க்குப் பிறந்தது, எந்த மாடு எப்போது காளைக்கு வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அந்தப் பையன்களை நடுவில் வைத்து 2000-இல் பெருமாள்முருகன் கூளமாதாரி எழுதினார். மாட்டின் வம்சாவளியை எழுதியவர்கள் அவர்கள் பேரை எங்கேயும் குறிக்கவில்லை. 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபோது பெரியப்பா பண்ணையில்தான் இருந்தார். சட்டம் வந்ததே தெரியாது என்கிறார்.

அவரை விடுவித்தது சட்டம் இல்லை, கரண்டு. 1932-இல் பைக்காராவில் மின்சாரம் எடுத்தார்கள். கோயமுத்தூர் மில்லுக்கு வந்த கரண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கிணற்றுக்கும் வந்தது. மோட்டார் வந்ததும் பறி போயிற்று, தும்பி போயிற்று. ரப்பர் செருப்பு வந்ததும் மிச்சம் இருந்ததும் போயிற்று. தோல் வேலை போனதில் யாருக்கும் கவலை இல்லை. ஆனால் களத்துத் தானியமும் கூடவே போனது. அப்புறம் பிழைக்க ஒரே திசைதான், திருப்பூர். சாயப்பட்டறை, சலவைப்பட்டறை, கைமடி, செக்கிங், பேக்கிங். மெசினில் உட்கார எங்களுக்கு இன்னொரு தலைமுறை ஆயிற்று. நான் பவர்டேபிளில் உட்கார்ந்தபோது தாத்தா கையூசியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பட்டறைத் தண்ணி நொய்யலில் இறங்கியது. 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு ஆகாமல் சாயத் தண்ணித் தொட்டியாயிற்று. நொய்யல் கரையில் கிணறுகள் கெட்டன. நஷ்டஈடு பட்டாவைப் பார்த்து ஏக்கர் கணக்கில் வந்தது. பட்டா இல்லாமல் அந்தக் காட்டில் கூலிக்குப் போனவனை அளக்க அதில் அளவுகோல் கிடையாது. 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவில் பட்டறைகளை மூடினார்கள். அப்போதும் முதலில் வேலை போனது எங்கள் ஆட்களுக்குத்தான். அதைத் தனியாகவே எழுத வேண்டும்.

திரும்பி வருகிற வழியில் ரோட்டோரக் காட்டில் ஒரு பழைய கிணறு. மோட்டார் ரூம் இடிந்து கிடந்தது. வாரி மட்டும் அப்படியே சரிவாக இருந்தது, சீமைக்கருவேலம் மொய்த்துக்கொண்டு. பெரியப்பா என் கைப்பிடியை விட்டுவிட்டு வாரியில் இறங்கினார். அடியில் போய் நின்றார். "இங்கதான் மாட்டை நிறுத்தோணும்," என்றார். பிறகு முகம் அந்தப் பக்கமே இருக்க, பின்னாலேயே அடி வைத்து மேலே ஏறி வந்தார். விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் திரும்பியே பார்க்கவில்லை.

மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒரு நாளைக்கு நீ எத்தன பீஸ் தெப்பே?" என்று கேட்டார். சொன்னேன்.

"அத்தனையா!" என்றவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "உன்ற தாத்தா ஒரு தும்பி தெக்க ரெண்டு நாள் ஆகும். ஒரு பொட்டுத் தண்ணி ஒழுகாது."

காங்கயம் பஸ் வருகிற சத்தம் கேட்டது. கையைக் காட்டி நிறுத்தினேன். அவர் மெதுவாகத்தான் வந்தார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.