மணல் தெற்கே, பாறாங்கற்கள் வடக்கே: வடசென்னையின் பொதுவெளிகள்

எண்ணூர் ஒரு காலத்தில் ஓய்விடமாக இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின்போது சென்னையின் வெள்ளையர்கள் விடுமுறையைக் கழிக்கக் கடலுக்கும் கழிமுகத்துக்கும் இடைப்பட்ட இந்நிலத்தை நாடி வந்தனர். 1806-இல் நகரையும் எண்ணூரையும் இணைத்து வெட்டப்பட்ட கால்வாய்தான் பின்னாளில் பக்கிங்காம் கால்வாயின் பகுதியானது. இன்று அந்நிலத்தின் அடையாளம் அனல்மின் நிலையம், உர ஆலை, நிலக்கரி, சாம்பல் குளம். வடசென்னையில் பூங்கா இல்லை, விளையாட்டுத் திடல் இல்லை என்று பேசும்போது ஏதோ தொடக்கத்திலிருந்தே இல்லாத ஒன்றைப் போலப் பேசுகிறோம். இருந்தவை எங்கே சென்றன என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

கடற்கரையிலிருந்து தொடங்கலாம். சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அலைகள் மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் ஓட்டம் திரும்புகிறது. ஆண்டு முழுமைக்கும் கணக்கிட்டால் மணலின் பயணம் வடக்கு நோக்கியதே. 1870களில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கியபோது இந்தப் பயணம் தடைப்பட்டது. தெற்கே தேங்கிய மணல் கரையை அகலமாக்கியது. 1884-இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அமைத்து மெரினா எனப் பெயரிட்ட உலாச்சாலையின் முன்னே பரந்து கிடக்கும் மணற்பரப்பு பெருமளவு இவ்வாறு சேர்ந்ததே. வடக்கே வரவேண்டிய மணல் வராததால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகளைக் கடல் அரித்தது. மீனவர் வீடுகளும் தெருக்களும் அலைக்குள் சென்றன. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்களும் தூண்டில் வளைவுகளுமே இப்போது பல இடங்களில் கரை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களின் பகுதி தன் கடற்கரையை இழந்தது. அவர்கள் இன்று காற்று வாங்கப் பேருந்தேறி மெரினாவுக்குச் செல்கிறார்கள்.

பூங்காக்களின் கதையும் இதற்கு வெகுதொலைவில் இல்லை. வடசென்னையின் வாசலில், இன்றைய சென்ட்ரல் நிலையத்தை ஒட்டி, 1859-இல் ஆளுநர் டிரெவெலியன் முயற்சியால் 116 ஏக்கரில் மக்கள் பூங்கா உருவானது. விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, நேரு விளையாட்டரங்கம், புறநகர் ரயில் முனையம் என்று ஒவ்வொன்றாக அதை விழுங்கின. ஒவ்வொன்றும் தேவையான கட்டடமாகவே இருக்கலாம். ஆனால் தேவை எழும்போதெல்லாம் வெட்டப்பட்டது மக்களின் பூங்காதான். ராயபுரத்தின் ராபின்சன் பூங்கா, இன்றைய அறிஞர் அண்ணா பூங்கா, தப்பியது. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது அங்கேதான். கூடிப் பேச மண்டபம் வாங்க வசதியற்றோருக்குத் திடலே சட்டமன்றம்.

திடல் சுருங்கிய இடத்தில் ஆட்டங்களும் சுருங்கிக்கொண்டன. ஒரு பலகையும் தெருவிளக்கும் போதுமான கேரம் இங்கே செழித்தது. 2024-இல் வடசென்னையின் காசிமா உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றபோது அனைவரும் கொண்டாடினோம். இத்தனை திறமை ஒரு பலகையின் அளவுக்குள் ஏன் அடங்க நேர்ந்தது என்று கேட்டவர் சிலரே.

சட்டம் என்ன சொல்கிறது? 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலை, கிணறு, குளம், மக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றை எந்த வகுப்பினரும் பயன்படுத்தத் தடையில்லை என்றது. முந்தைய ஆண்டு பம்பாயில் நிறைவேறிய போலே தீர்மானமும் அத்தகையதே; அது ஏட்டளவில் நின்றதால்தான் 1927-இல் அம்பேத்கர் மகாடு குளத்துக்கு மக்களை அழைத்துச் சென்றார். அரசமைப்பின் 15(2) இந்த உரிமையை உறுதிசெய்தது. 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொது வளங்களைத் தலித், பழங்குடி மக்கள் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியது.

இவை அனைத்தும் வாசலில் நின்று மறிக்கும் ஒருவரை முன்வைத்து எழுதப்பட்டவை. மறிப்பவர் எவருமின்றி இடமே மறைந்துபோவது அச்சட்டங்களின் கண்ணுக்குப் படுவதில்லை. கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்களை யாரும் விரட்டவில்லை. சாம்பற்சேறு படிந்து நீர் ஆழம் குறைந்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்ப் படலம் மீனவரின் படகையும் வலையையும் கறுப்பாக்கியது. பதிவேட்டில் புறம்போக்கு எனப்படும் இத்தகைய நீர்நிலைகளும் மணற்பரப்பும் யாருக்கும் பயன்படாத நிலமாக அதிகாரிகளுக்குத் தோன்றுகின்றன. கழிமுகத்தைப் பொறுத்தவரை ‘பூங்கா’ என்ற சொல்லே போதாது. அது தொழிற்களமும் விளையாட்டிடமும் ஒன்றான வெளி.

ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கும்போது நிலத்தின் மூன்றில் ஒரு பங்கைப் பசுமை வளையமாக்க வேண்டும் என்பது நெடுங்காலம் வழக்கமான நிபந்தனையாக இருந்தது. அந்த மரங்கள் மதிற்சுவருக்குள் நிற்கின்றன. புகை வெளியே வருகிறது. நிழல் உள்ளேயே தங்குகிறது.

பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் 1959-ஆம் ஆண்டின் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் கட்டுவோர் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாகப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரையுள்ளவற்றுக்கு நிலத்துக்கு ஈடாகப் பணம் செலுத்தலாம். 2023 நிதிநிலை அறிக்கையில் 1,000 கோடி ரூபாயில் வடசென்னை வளர்ச்சித் திட்டமும் அறிவிக்கப்பட்டது. ராயபுரம், திருவொற்றியூர் மண்டலங்களில் இவ்வாறு ஒப்படைக்கப்பட்ட நிலங்கள் எவை, அவற்றின் வாயில் திறந்திருக்கிறதா, ஈட்டுப்பணம் எந்தப் பகுதியில் செலவானது, திட்டத்தின் பூங்காக்களுக்காக எந்தக் குடிசைப்பகுதி அகற்றப்படுகிறது என்ற நான்கு கேள்விகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் எந்த மாணவரும் கேட்கலாம்.