சொல்லாமல் கொள்ளாமல்

1892-இல், இன்றைய நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில், லாங் ஐலண்ட் சிட்டியில், ஒரு தொழிற்சாலை எழுந்தது. குழாயில் ஓடும் தண்ணீரை அளக்கும் மீட்டர்களைச் செய்த நெப்டியூன் கம்பெனியின் கட்டடம் அது. தண்ணீரைக் கணக்குப் பார்க்க எழுந்த அந்தச் சுவர், நூற்றிருபது ஆண்டுகள் கழித்து வேறொரு கணக்குக்காக நீதிமன்றம் வரை போனது.

1970-களின் தொடக்கத்தில் கட்டடம் ஜெரி வோல்காஃப் என்ற ரியல் எஸ்டேட் அதிபரின் கைக்கு வந்தது. நகரத்து மெட்ரோ ரயில் பெட்டிகளில் இளைஞர்கள் ஸ்ப்ரே பெயின்ட்டால் பெயர் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் தங்களை ஓவியர் என்று சொல்லிக்கொள்வதில்லை, 'ரைட்டர்' என்பார்கள். 1989 மே மாதம் ரயில் நிர்வாகம் கடைசி வண்ணப் பெட்டியையும் ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. ரயிலை இழந்தவர்களுக்குச் சுவர் வேண்டியிருந்தது. 1990-களில் இந்தத் தொழிற்சாலைச் சுவர், உரிமையாளரின் சம்மதத்தோடு, அவர்களுக்குக் கிடைத்தது.

2002-இல் மீரெஸ் ஒன் என்ற பெயரில் வரையும் ஜோனதன் கோஹன் அந்தச் சுவர்களுக்குப் பொறுப்பேற்றார். நகரின் ஐந்து பெரும் பகுதிகளும் கூடும் இடம் என்று சொல்லும்படி அந்த இடத்துக்கு 'ஃபைவ் பாயிண்ட்ஸ்' என்று பெயர் விழுந்தது. யாருக்கு எந்த இடம் என்று அவர்தான் பிரித்துக் கொடுப்பார். சில சுவர்களில் படங்கள் அடிக்கடி மாறும். சில சுவர்களில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கினால் உள்ளே சிறு குண்டு உருண்டு கலகலக்கும். அகன்ற மூடியை மாட்டினால் வண்ணம் புகைபோலப் பரவும். மெல்லிய மூடியை மாட்டினால் கண்ணிமை மயிரையும் தீட்டலாம். 2013 வரை அங்கே வரையப்பட்டவை சுமார் 10,650 என்று நீதிமன்றம் பதிவுசெய்திருக்கிறது. முன்பு ரயில் படங்களைச் சுமந்து மக்களைக் கடந்து போனது. இப்போது படங்கள் நின்ற இடத்தில் நிற்க, மேம்பாலத்தில் ஓடும் ஏழாம் எண் ரயில் மக்களை அவற்றின் முன் கொண்டுவந்து காட்டியது.

ஓவியங்கள் அந்த வட்டாரத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தன. வட்டாரத்தில் நிலத்தின் மதிப்பும் ஏறியது. 2013-இல் அடுக்குமாடிக் கோபுரங்களுக்கு நகர மன்றம் அனுமதி கொடுத்தபோது, 4 கோடி டாலராக இருந்த இடத்தின் மதிப்பு 20 கோடியானது. கலைஞர்கள் அதை வாங்கிவிட முயன்றார்கள்; எட்டவில்லை. பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கக் கேட்டார்கள். ஓவியங்களுக்கு வயது போதாது என்று பதில் வந்தது. இடிப்பதைத் தடுக்க நீதிமன்றம் போனார்கள். நவம்பர் 12-இல் தடை மறுக்கப்பட்டது.

அந்த உத்தரவுக்கான விளக்கம் எழுத்தில் வரும் முன்பே, நவம்பர் 19 விடிவதற்குள், உரிமையாளரின் ஆட்கள் வந்து சுவர்களுக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல், இரவோடு இரவாக.

அந்த வெள்ளை மட்டமான பெயின்ட், மெல்லிய பூச்சு. அடியிலிருந்த முகங்களும் எழுத்துகளும் அதற்குள்ளிருந்து மங்கலாகத் தெரிந்தன. கட்டடத்தை இடிக்க ஆரம்பிக்கவே இன்னும் பத்து மாதம் ஆனது. வரைந்தவர்கள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், மூடிய துணிக்குள் தெரியும் முகத்தைப் போலத் தங்கள் படத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

சுவர் போனது; வழக்கு நின்றது. காட்சிக் கலைஞர்களின் உரிமைகளுக்காக அமெரிக்கா 1990-இல் இயற்றிய சட்டம் அவர்களுக்குத் துணையாக இருந்தது. இல்லாத ஓவியத்தின் மதிப்பை எப்படி நிரூபிப்பது? எடுத்துவைத்த புகைப்படங்களைத் தொகுத்து ஆதாரமாகக் கொடுத்தார்கள். நினைவுக்காக எடுத்த படங்களே சாட்சி சொல்ல வந்தன. 2018 பிப்ரவரியில் நீதிபதி ஃபிரெடரிக் பிளாக் 45 ஓவியங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1,50,000 டாலர் வீதம், 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தார். நிலையாமைக்கென்றே வரைந்த படமும் மதிப்புள்ள கலைதான் என்று 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் வழக்கைத் திறக்க மறுத்தது.

பிளாக்கின் தீர்ப்பில் தொகையை விட என் மனதில் தங்கியது வேறொன்று. இடிக்கும் நாள் வரை அந்தப் பத்து மாதமும் உரிமையாளர் காத்திருந்தால், மக்கள் திரண்டு வந்து ஓவியங்களைக் கடைசியாகப் பார்த்து விடைபெற்றிருப்பார்கள், கலைஞர்களுக்கு அதுவே தகுந்த மரியாதையாக இருந்திருக்கும் என்று நீதிபதி எழுதினார். நம் ஊரில் ஒரு சாவு என்றால், முகம் பார்க்க வேண்டியவர்கள் வந்து சேரும் வரை எடுக்காமல் காத்திருப்போம். போன உயிர் திரும்பாது என்று தெரிந்துதான் காத்திருக்கிறோம். ஃபைவ் பாயிண்ட்ஸ் சுவரும் என்றைக்காவது போயிருக்கும். தம் படத்தின் மேல் நாளை இன்னொருவர் வரைவார் என்று அறிந்தே அவர்கள் வரைந்தார்கள். அழிந்ததை அவர்களால் தாங்க முடிந்திருக்கும். முகம் பார்க்க விடாததைத்தான் தாங்க முடியவில்லை.

இன்று அந்த இடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளோடு இரண்டு கோபுரங்கள் நிற்கின்றன. ஏழாம் எண் ரயில் அதே வளைவில் திரும்புகிறது. நகரம் மாறட்டும், வீடு வேண்டியவர்களுக்கு வீடு வேண்டும். ஆனால் இடிப்பதற்கு முன் ஒரு தேதியைச் சொல்லுங்கள். பார்க்க வருபவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.