நித்திரையும் மோட்சமும்: கிறித்தவ மறுமைக் கோட்பாட்டின் தமிழ்ச் சொற்கள்

திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரங்களில் சீர்திருத்த சபையைச் சேர்ந்த ஒருவர் இறந்தால், தெருமுனைச் சுவரொட்டியில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று அச்சிடுவது வழக்கம். அதே வீட்டுக்குத் துக்கம் கேட்க வருகிறவர்கள் 'ஆத்துமா பரலோகம் போய்ச் சேர்ந்துவிட்டது' என்று ஆறுதல் சொல்வார்கள். கத்தோலிக்க வீடானால் பரலோகம் இருந்த இடத்தில் மோட்சம் வரும். இரண்டும் ஒரே செய்தியைச் சொல்வதுபோலத் தோன்றினாலும் அவற்றுள் இருக்கும் மறுமைக் காட்சிகள் வேறு வேறு. நித்திரையடைந்தவர் விழித்தெழ வேண்டியவர். மோட்சம் அடைந்தவருக்குத் திரும்பி வரும் வழியும் இல்லை, தேவையும் இல்லை.

ஆதித் திருச்சபை புதைநிலத்துக்குக் கிரேக்கத்தில் 'துயிலிடம்' என்றே பெயர் வைத்தது. இறந்தோரின் உடல் எழும், படைப்பு முழுவதும் புதுப்பிக்கப்படும் என்பதுதான் அந்தப் பெயருக்குப் பின்னிருந்த நம்பிக்கை. ஞாயிறுதோறும் ஓதப்படும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணமும் சரீரத்தின் உயிர்த்தெழுதலைத்தான் அறிக்கையிடுகிறது. ஆத்துமா வானுலகம் போவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் சபையில் அமர்ந்திருப்பவரைக் கேட்டால், செத்தபின் ஆத்துமா மேலே போவதுதான் கிறித்தவ நம்பிக்கை என்பார். இந்த நழுவலுக்குத் தமிழ் வேதாகமமும் செபப் புத்தகமும் கையாண்ட சமயச் சொற்கள் பெரிய அளவில் துணைபோயின என்பது என் வாதம்.

துணைபோயின என்கிறேன், அவைதாம் காரணம் என்று சொல்லவில்லை. உடலைச் சிறையாகவும் சாவை விடுதலையாகவும் காணும் பிளேட்டோவின் சிந்தனை, தமிழ்ச் சொல் ஒன்றுகூடக் கலவாத காலத்திலேயே மேலைத் திருச்சபைக்குள் வேரூன்றிவிட்டது. 1955இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவில் ஆஸ்கர் குல்மான் இதைத்தான் எடுத்துக்காட்டினார்: ஆன்மாவின் அழியாமை கிரேக்கருடையது, இறந்தோரின் உயிர்த்தெழுதல் புதிய ஏற்பாட்டுடையது. சோக்ரதேசு அமைதியாக நஞ்சருந்தியதையும் இயேசு கெத்செமனேயில் கலங்கியதையும் அவர் அருகருகே வைத்துக் காட்டினார். சாவு நண்பன் என்றால் கலங்குவானேன்? அதைக் கடைசி எதிரி என்று பவுல் சொன்னதன் கனம் அங்கே புரிகிறது.

தமிழுக்கு வருவோம். ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் மண்ணால் உருவாக்கப்பட்ட மனிதனுக்குள் கடவுள் மூச்சை ஊதுகிறார். அப்போது மனிதன் ஆனது 'நெபெஷ் ஹய்யா', அதாவது உயிருள்ள ஒன்று. விலங்குகளுக்கும் எபிரேய மூலம் இதே சொல்லைத்தான் தருகிறது. 1871இல் முழு வேதாகமமாக வெளிவந்த, நாம் பழைய திருப்புதல் என்றழைக்கும் பதிப்பு, இங்கே 'ஜீவாத்துமா' என்று எழுதியது. மனிதன் ஜீவாத்துமாவைப் பெற்றான் என்று சொல்லாமல் ஜீவாத்துமா ஆனான் என்றே சொன்ன அந்த மொழிபெயர்ப்பாளர்களின் கவனம் வணங்கத்தக்கது. ஆனால் சொல் எங்கிருந்து வந்ததோ அந்த மணத்தோடுதான் வரும். வேதாந்தத்தில் ஜீவாத்துமா பரமாத்துமாவோடு எதிர்வைத்துப் பேசப்படுவது. சைவ சித்தாந்தத்திலோ பதியைப்போல் பசுவும் அநாதி. உடல் அதற்கு வினைவழி வாய்க்கும் கருவி. அந்த மரபில் வளர்ந்த காதுக்கு, உடலும் மூச்சும் சேர்ந்த ஒற்றை உயிரை எபிரேயம் பேசுகிறது என்பது எட்டவே எட்டாது. உடலுக்குள் குடியிருந்து, வீடு இடிந்ததும் வெளியேறும் ஒன்றைத்தான் அது கேட்கும்.

பரலோகம் என்ற சொல்லின் விளைவு இதைவிடப் பெரிது. கிரேக்க 'ஊரானோஸ்' வானத்தையும் குறிக்கும், கடவுளின் இருப்பிடத்தையும் குறிக்கும். தமிழில் இது இரண்டாகப் பிரிந்தது. திருவெளிப்பாடு 21ஆம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களைப் பழைய திருப்புதலில் பாருங்கள். முதல் வசனத்தில் புதிய 'வானம்' தோன்றுகிறது. அடுத்த வசனத்தில் 'பரலோக'த்தைவிட்டு நகரம் இறங்கி வருகிறது. மூலத்தில் இரண்டும் ஒரே சொல். வானம் பூமிக்கு மேலே கவிந்து அதனோடு சேர்ந்தே இருப்பது. பரலோகமோ 'மற்ற உலகம்'; இகத்துக்கு எதிராகப் பரம். இகபரம் என்ற இரட்டைச் சொல்லில் வளர்ந்தவருக்கு, பரத்துக்குப் போக வேண்டுமானால் இகத்தைக் கைவிட்டாக வேண்டும்.

வேதாகமத்தின் கடைசிக் காட்சியோ நேர்மாறானது. அங்கே யாரும் மேலே ஏறுவதில்லை. நகரம்தான் இறங்கி வருகிறது. கடவுள் மனிதரிடையே குடியேறுகிறார். மண்ணரசர்கள் தங்கள் மகிமையை அதற்குள் கொண்டுவருகிறார்கள். இயேசு கற்பித்த மன்றாட்டின் திசையும் இதுதான். இராச்சியம் வர வேண்டும் என்று கேட்கச் சொன்னார். நாம் அதற்குப் போக வேண்டும் என்று கேட்கச் சொல்லவில்லை. பரலோகராஜ்யம் என்பது மத்தேயு விரும்பிக் கையாளும் தொடர். அவர் அப்படி எழுதும் உவமைகளில் மாற்கும் லூக்காவும் தேவனுடைய ராஜ்யம் என்கிறார்கள். கடவுளின் பெயரை உச்சரிக்கத் தயங்கிய யூத மரபு அங்கே வானம் என்ற சொல்லால் அவரைச் சுட்டியது என்பது அறிஞர் பலரின் விளக்கம். ஆகவே அது செத்தபின் போகும் ஊரின் பெயராகாது, கடவுளின் ஆட்சி. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'விண்ணரசு', 'இறையாட்சி' என்று ஆண்டது இந்தக் குழப்பத்தைப் பாதி தீர்த்தது. ஆனால் இரங்கற்கூட்டங்களில் விண்ணரசும் ஓர் ஊராகிவிட்டதைக் காதால் கேட்கிறோம்.

அப்படியானால் சாவுக்கும் உயிர்த்தெழுதலுக்கும் நடுவே என்ன? இங்கே எதிர்வாதத்தை முழுமையாக ஏற்க வேண்டும். சிலுவையில் மனம்மாறிய கள்வனிடம் இயேசு அன்றைக்கே தன்னோடு பரதீசில் இருப்பாய் என்கிறார். சாவைக் கிறிஸ்துவோடு இருக்கப் புறப்படுவதாகவே பவுலும் பிலிப்பியருக்கு எழுதுகிறார். இறந்தவர் இப்போது கடவுளிடம் இருக்கிறார் என்ற ஆறுதலில் பிழை இல்லை. அதையே முடிவாகக் கொள்வதுதான் பிழை.

இந்த இடைநிலையைப் பற்றித் திருச்சபை தனக்குள்ளேயே மோதிக்கொண்ட ஒரு தருணம் உண்டு. 1331ஆம் ஆண்டு புனிதர் அனைவர் திருநாளில் அவிஞோனில் திருத்தந்தை 22ஆம் யோவான் ஆற்றிய மறையுரை பெரும் புயலைக் கிளப்பியது. நீதிமான்களின் ஆன்மாக்கள் பொதுத்தீர்ப்புக்கு முன் கடவுளை முகமுகமாய்க் காண்பதில்லை என்றார் அவர். பாரிஸ் இறையியலார் எதிர்த்தனர். 1334 டிசம்பரில் மரணப்படுக்கையில் தன் கருத்தை அவர் விலக்கிக்கொண்டார். அவருக்குப் பின் வந்த 12ஆம் பெனடிக்ட் 1336இல் வெளியிட்ட ஆணை, தூய்மையடைந்த ஆன்மாக்கள் உடல் எழுவதற்கு முன்பே கடவுளைக் காண்கின்றன என்று வரையறுத்தது. அந்த ஆணையின் முடிவில் இன்னொன்றும் இருக்கிறது: தீர்ப்புநாளில் அனைவரும் தங்கள் உடலோடு கிறிஸ்துவின்முன் நிற்பர். ஆன்மாவுக்கு உடனடிப் பேரின்பத்தை உறுதிசெய்த ஆவணமே உடலை விட்டுவிடவில்லை. சீர்திருத்தக்காரரிடமும் இந்த இழுபறி உண்டு. லூத்தர் சாவை உறக்கமாகவே அடிக்கடி பேசினார். கால்வினோ ஆன்மா உறங்குகிறது என்போரை மறுத்து இளவயதிலேயே ஒரு நூல் எழுதினார்.

நரகம் என்ற சொல் வேறு வகையான சிக்கல். எபிரேய 'ஷியோல்' நல்லவர் தீயவர் என்ற பேதமின்றி எல்லாரும் இறங்கும் நிழலிடம். யோசேப்பு இறந்தான் என்று நம்பிய யாக்கோபு, துக்கத்தோடு தானும் அங்கே இறங்குவதாகத்தான் புலம்புகிறார். கிரேக்க 'ஹாதேஸ்' ஏறத்தாழ அதற்கு இணை. 'கெஹென்னா' வேறு, தீர்ப்புக்குப் பின் வரும் அழிவை அது குறிக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் முதலிரண்டைப் பெரும்பாலும் பாதாளம் என்றும் மூன்றாவதை நரகம் என்றும் பிரித்தது நேர்த்தியான வேலை. ஆங்கில ஜேம்ஸ் மன்னர் பதிப்பு இவற்றை ஒரே சொல்லால் கலந்துவிட்ட இடங்கள் பல. ஆயினும் தமிழிலும் ஒன்பதாம் சங்கீதத்தில் ஷியோல் நரகமாகிவிட்டது. வாசிப்பவரோ இரண்டையும் ஒரே இடமாகத்தான் கொள்கிறார். ஐசுவரியவான், லாசரு கதையை நரகத்தின் வரைபடமாகப் பிரசங்கிப்பது இதனால்தான். அந்தக் கதையில் அவன் இருப்பது ஹாதேஸில். அவனுடைய சகோதரர்கள் இன்னும் வீட்டில் உயிரோடிருக்கிறார்கள், உலகம் முடியவில்லை. திருவெளிப்பாட்டில் ஹாதேஸும் இறந்தோரை ஒப்புவித்துவிட்டு அக்கினிக் கடலில் தள்ளப்படுகிறது.

கெஹென்னா எருசலேமுக்குத் தெற்கே உள்ள இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரிலிருந்து வந்தது. பிள்ளைகளை நெருப்பில் பலியிட்ட இடம் என்பதால் எரேமியா அதைச் சபித்தார். யோசியா அரசர் அதைத் தீட்டுப்படுத்தினார். இயேசு காலத்தில் அது ஓயாது எரிந்த குப்பைமேடு என்று எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அதற்கு அக்காலச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. சுமார் 1200ஆம் ஆண்டில் பிரான்சின் தென்பகுதியில் வாழ்ந்த யூத உரையாசிரியர் தாவீது கிம்ஹியின் உரையில்தான் அந்தச் செய்தி முதலில் தென்படுகிறது. குப்பைமேட்டை நினைத்தால் சுகாதாரக் கேடு மட்டுமே நினைவுக்கு வரும். இயேசு அந்தப் பெயரைச் சொன்னபோது கேட்டவர்களின் நெஞ்சில் எழுந்திருக்கக்கூடியது எரிக்கப்பட்ட குழந்தைகளின் நினைவு.

நரகத்தைச் சாத்தான் ஆள்கிறான், அவனுடைய ஏவலர் பாவிகளை வதைக்கிறார்கள் என்ற கற்பனைக்கு வேதாகமத்தில் இடமில்லை. மத்தேயு 25 சொல்லும் நெருப்பு பிசாசுக்காகவே ஆயத்தமானது. அங்கே அவன் தண்டனைக்குரியவன். தாந்தேயின் காவியத்திலும் அவன் பனியில் உறைந்து கிடக்கும் கைதி. தமிழில் இந்தக் கற்பனை எளிதாக ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் நரகம் என்ற சொல் ஏற்கெனவே ஆள்களோடு வந்ததுதான். யமனும் கிங்கரரும் ரௌரவமும் கும்பிபாகமும் அதற்குள் இருந்தன. வள்ளுவர் ஆண்ட 'அளறு' என்ற பழஞ்சொல்லை எடுத்திருந்தால் இவ்வளவு கூட்டம் கூட வந்திராது. இன்னொரு வேறுபாடும் உண்டு. புராண நரகம் வினை தீருமட்டும் இருந்துவிட்டுப் பிறவிக்குத் திரும்பும் இடம்; கிறித்தவக் கோட்பாட்டில் மறுபிறவி இல்லை. ராபர்ட் தெ நொபிலி 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்றே ஒரு நூல் எழுத வேண்டியிருந்தது. ஆனால் பழைய திருப்புதல் தீத்துவுக்கு எழுதிய நிருபத்தில் ஞானஸ்நானத்தை 'மறுஜென்ம முழுக்கு' என்கிறது. விலக்கிய சொல் வேறு வாசல் வழியாக உள்ளே வந்து அமர்ந்துகொண்டது.

கத்தோலிக்கரின் உத்தரிக்கிற ஸ்தலமும் இரண்டாம் வாய்ப்பாகத் தவறாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. அங்கே இருப்போர் ஏற்கெனவே மீட்கப்பட்டவர்கள். அவர்களுக்கு எஞ்சியிருப்பது தூய்மை மட்டுமே. 1563இல் திரெந்து சங்கம் அப்படி ஒன்று உண்டு, மன்றாட்டுகள் அவர்களுக்கு உதவும் என்பதோடு நிறுத்தி, நுணுக்கமான கேள்விகளை மக்கள்முன் பிரசங்கிக்க வேண்டாம் என்று ஆயர்களை எச்சரித்தது. நெருப்பைப் பற்றி அது எதையும் வரையறுக்கவில்லை. இறந்த குழந்தை சம்மனசு, அதாவது வானதூதர், ஆகிவிட்டது என்று தாய்மார் சொல்வதைத் திருத்த எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் எழுந்தோர் தூதரைப்போல் இருப்பர் என்று இயேசு சொன்னது திருமணத்தைப் பற்றிய கேள்விக்குப் பதிலாக. மனிதர் தூதரை நியாயந்தீர்ப்பர் என்று பவுல் எழுதுகிறார். மனித உடலெடுத்த மகனை நம்பும் சமயத்தில் மனிதன் தூதனாவது உயர்வாகாது.

நகரங்களில் கல்லறைத் தோட்டங்கள் நிறைந்துவிட்ட இக்காலத்தில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது: எரித்தால் எப்படி உயிர்த்தெழுவது? 1963இல் உரோமை தகனத்துக்கு இருந்த தடையைத் தளர்த்தியது. 2016இல் சாம்பலைப் புனித இடத்தில் வைக்கும்படி அறிவுறுத்தியது. கேள்வியோ பழையது. கடலில் மூழ்கியோர், விலங்கு தின்றோர், தீயில் மடிந்த இரத்தசாட்சிகள் ஆகியோரின் உடல் எப்படித் திரும்பும் என்று அகுஸ்தீன் காலத்திலேயே கேட்டார்கள். அந்தப் பயத்தில் ஒரு சரியான உள்ளுணர்வு இருக்கிறது. கேட்பவர் உடலைப் பொருட்படுத்துகிறார். மோட்சப் பேச்சு மறந்த ஒன்றை அவர் மறக்கவில்லை.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில் பவுல் இதற்கு ஓர் உழவரின் பதிலைத் தருகிறார். அடக்கத்துக்கு அவர் கையாளும் வினை விதைத்தல். நெல்மணி மண்ணுக்குள் உருவழிகிறது. முளைத்து வரும் பயிர் அந்த மணியைப்போல் இருப்பதில்லை. ஆனாலும் இது எந்த வித்தின் பயிர் என்பதில் விதைத்தவருக்கு ஐயமே எழுவதில்லை.